பட்டப்படிப்பு எதற்காக? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு இளநிலை படிப்பவர்களையும், சேரப்போகிறவர்களையும், அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பொறியியல் மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மதிப்பெண், கிரெடிட் (பாடத்தின் அளவுக்கேற்பத் தரும் புள்ளி) விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். துறை அலுவலகத்தில் ரெகுலேஷன் புத்தகம் இருக்கும். முதல் வாரமே ஒருமுறை வாங்கிப் புரட்டிவிடுங்கள்.

வேலை கிடைக்கத்தானே படிக்கிறோம்? அதற்கு மேல் என்ன நோக்கம் இருக்கிறது?

வேலை வேண்டும். நகையை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டில் போய் 'வேலைக்காகப் படிக்காதே' என்று சொல்வது அழகில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளைக்கு 5 மணி நேர வகுப்பு என்றால் 450 மணி நேரம். ஆறு செமஸ்டருக்கு 2,700 மணி நேரம். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பழக இவ்வளவு நேரம் வேண்டாம், டைப்பிங்கில் ஹையர் முடிக்கவும் வேண்டாம். ஒரு தொழிற்கருவியைக் கைப்பழக்கமாக்குவது மட்டுமே குறி என்றால் இந்த மூன்று ஆண்டு பெரிய வீண்செலவு.

பள்ளி, முடிவாகிப்போன அறிவைக் கொடுக்கிறது. பயிற்சி நிலையம் ஒரு கருவியைக் கையாளச் சொல்லித்தருகிறது. பல்கலைக்கழகம் சொல்லித்தர வேண்டியது வேறு: ஒரு விஷயம் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். ஆதாரம் தேட வேண்டும். அந்த ஆதாரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எடைபோட வேண்டும். கண்டதை எழுதி, விஷயம் தெரிந்த நாலு பேர் முன் வைத்து, அவர்கள் தப்பென்று காட்டினால் திருத்த வேண்டும். வேதியியலோ வரலாறோ, துறை எதுவானாலும் இந்த வேலை ஒன்றுதான். பாடங்கள் அதற்கான பயிற்சிக்களம்.

இது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கடன் விண்ணப்பத்தோடு வந்த வருமானக் கணக்கை நம்பலாமா என்று பார்க்கும் கூட்டுறவு வங்கிக் காசாளருக்கு வேண்டும். ஊர்க் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கும் வார்டு உறுப்பினருக்கு வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தோடு வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று தவிக்கும் மகளுக்கும் வேண்டும்.

அப்படியானால் நம் கல்லூரிகள் ஏன் தேர்வையே சுற்றிச் சுற்றி வருகின்றன?

பிறப்பே அப்படி. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்தார்கள். கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் அன்று பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1810இல் பெர்லினில் ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டிருந்தது. அந்த எண்ணம் இங்கே சேர வெகுகாலம் ஆனது. கற்பிக்கவும் ஆராயவும் பல்கலைக்கழகங்களுக்கு வழி திறந்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான். கல்லூரிகளை இணைக்காமல், தானே மாணவர்களைத் தங்க வைத்துக் கற்பிக்கும் நிறுவனமாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் 1929இல் எழுந்தது. இன்றும் பெரும்பாலான மாணவர்கள் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில்தான். பாடத்திட்டம் ஓரிடத்தில், கற்பிப்பது ஓரிடத்தில், விடைத்தாள் திருத்துவது இன்னோரிடத்தில். இடையில் மாணவரின் கேள்வி எங்கோ விழுந்துவிடுகிறது.

தேர்வு எதை அளக்கும், எதை அளக்காது என்பதற்கு இராமானுஜனைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து முயன்றும், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய) தேர்வைத் தாண்டவில்லை. அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க விதி இடம் தரவில்லை. விதியைத் தாண்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன கண்டுபிடித்தீர் என்று அறிக்கை தர வேண்டும், அதுதான் நிபந்தனை. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் அவரைத் தோற்கடித்தது, ஆராயும் பல்கலைக்கழகம் அவரை அடையாளம் கண்டது. இரண்டும் ஒரே நிறுவனம்தான்.

தேர்வில் வென்றவர்கள் எல்லாம் குறுகிப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் சி.வை.தாமோதரம்பிள்ளை. வாங்கிய பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்.

140 கிரெடிட் என்கிறார்கள். அதில் எது முக்கியம்?

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பு பொதுவாக 140 கிரெடிட், ஐந்து பகுதி. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்காவது திறன் பாடம், சுற்றுச்சூழல், பிற துறை விருப்பப் பாடம் முதலியவை, ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற பணிகள். தாளுக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்பது பரவலான பிரிப்பு.

மாணவர்கள் கைகழுவிவிடுவது நான்காம் பகுதியை. குறிப்பாக, வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய விருப்பப் பாடம். 'எது ஈசி?' என்று சீனியரிடம் கேட்டு முடிவு செய்கிறார்கள். இயற்பியல் மாணவர் பொருளியலை எடுக்கலாம், வரலாற்று மாணவர் புள்ளியியலை எடுக்கலாம். வேறு துறைக்காரர் எதை ஆதாரம் என்று ஒத்துக்கொள்கிறார் என்பதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே சன்னல் அது. மதிப்பெண் ஐந்து குறைந்தாலும் பரவாயில்லை, எட்டிப் பாருங்கள்.

முதல் இரு பகுதிகளையும் 'லாங்வேஜ்தானே' என்று தள்ள வேண்டாம். நான்கு பக்கம் கோவையாக எழுதத் தெரியாத பட்டதாரி, தான் கண்டதை யாருக்கும் சொல்ல முடியாமல் நிற்பார்.

லேபில் ரீடிங் தப்பாக வந்தால் என்ன செய்வது? எல்லோரும் 9.8க்குக் கொண்டுவந்துவிடுகிறார்களே?

பட்டப்படிப்பின் பாதி இந்தக் கேள்வியில் இருப்பதால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம்.

தனி ஊசல் சோதனை. நூலில் கட்டிய குண்டு, 1 மீட்டர் நீளம், ஒரு ஸ்டாப் வாட்ச். 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். சென்னையில் அதன் மதிப்பு வினாடி வர்க்கத்துக்கு 9.78 மீட்டரை ஒட்டி இருக்கும். அப்படியானால் 1 மீட்டர் ஊசல் 20 முறை ஆட ஏறத்தாழ 40.2 வினாடி வேண்டும். ஒரு மாணவிக்கு 38.2 வினாடிதான் வருகிறது. கணக்குப் போட்டால் 10.8. அடுத்து வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான்: பக்கத்து மேசையின் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து நேரத்தை 40.1 என்று திருத்துவது, ரெக்கார்டில் 9.8 என்று முடிப்பது, கையெழுத்து வாங்குவது.

திருத்தாமல் அந்த 10.8ஐயே உற்றுப் பாருங்கள். 10.8ஐ 9.78ஆல் வகுத்தால் 1.1. முடுக்கம், நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. எனவே வர்க்கமூலம் எடுத்தால் 1.05. அதாவது நேரம் 5 சதவீதம் குறைந்து போயிருக்கிறது. இருபதில் 5 சதவீதம் என்பது சரியாக ஒன்று. ஓர் அலைவு காணவில்லை! குண்டு நடுக்குறியைக் கடக்கும்போது வாட்சைத் தட்டிவிட்டு 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். 'பூஜ்யம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். அவர் அளந்தது 19 அலைவு.

இதைக் கண்டுபிடித்த மாணவி அன்று கற்றது புவியீர்ப்பைப் பற்றி அல்ல, 9.8 எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு தப்பான எண் தன் தப்புக்கான காரணத்தைத் தன்னிடமே வைத்திருக்கும், கேட்டால் சொல்லும் என்று கற்றுக்கொண்டார். நாளை கணக்குப் புத்தகத்தில் 9,000 ரூபாய் உதைக்கும்போது 9ஆல் வகுபடும் தொகையாயிற்றே, எங்காவது இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று தேடத் தோன்றுவதும் இதே புத்திதான்.

மற்றத் தப்புகளுக்கும் தனித்தனி முகம் உண்டு. நீளத்தைக் கொக்கிவரை அளந்து குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டால், ஆரம் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், விடை 1 சதவீதம் குறையும். குண்டை 20 பாகை வரை இழுத்து விட்டால் ஊசல் கொஞ்சம் மெதுவாக ஆடும். விடை ஒன்றரை சதவீதம் குறையும். வாட்சை நிறுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினால் 40 வினாடியில் அது அரை சதவீதம், விடையில் 1 சதவீதம். ஆகவே '9.7, ஏறக்குறைய 0.1 கூடலாம் குறையலாம்' என்று எழுதுபவர், '9.80' என்று எழுதுபவரைவிட நல்ல சோதனையாளர்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதல் ரீடிங்கைப் பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தப்பு என்று தெரிந்தால் குறுக்கே ஒரே கோடு, பக்கத்தில் காரணம். காரணம் கண்டபின் சோதனையைத் திரும்பச் செய்து இரண்டாவது ரீடிங்கையும் அதே நோட்டில் எழுதுங்கள். சில இடங்களில் இதற்கு இரண்டு மதிப்பெண் குறையக்கூடும், மறைப்பானேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'எங்கே பிழை வரலாம்?' என்று கேட்கும்போது வகுப்பிலேயே உங்களுக்கு மட்டும்தான் சொல்ல ஏதாவது இருக்கும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு மாணவர், ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தோடு வேலை செய்யும்போது ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி விழவில்லை என்று கவனித்தார். ஒதுக்கித் தள்ளாமல் அதையே அளந்து எழுதினார். 1906இல் அது லண்டன் ஆய்விதழ் ஒன்றில் வந்தது. மாணவர் பெயர் சி.வி.இராமன், வயது 18.

காமர்ஸ், வரலாறு, தமிழ் படிக்கிறவர்களுக்கு லேப் இல்லையே?

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்தான் உங்கள் லேப். அதைக் கெடுப்பது பெரும்பாலும் தலைப்பு. 'இன்ன ஊரில் இன்ன பிராண்ட் வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று எடுப்பார்கள். 100 வினாத்தாள் அச்சடிப்பார்கள். நாற்பதை நண்பர்கள் நிரப்புவார்கள், மீதி ஹாஸ்டலில் ஒரே இரவில் நிரம்பும். சதவீத அட்டவணை, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை, 'சேவையை மேலும் மேம்படுத்தலாம்' என்ற முடிவு. இதில் என்ன கோளாறு? விடை எப்படி வந்தாலும் யாருக்கும் எதுவும் மாறாது என்பது முதல் கோளாறு. கேட்கப்பட்டவர்கள் ஊரின் மாதிரி இல்லை, உங்கள் நட்பின் மாதிரி என்பது இரண்டாவது.

கேள்வியைச் சுருக்குங்கள், கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்கு. உதாரணமாக: பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் போனில் காசு கட்டுகிறவர் எத்தனை பேர், ரொக்கம் கொடுப்பவர் எத்தனை பேர், காலைக்கும் மாலைக்கும் அது மாறுகிறதா? முதலில் கடைகளை எல்லாம் நடந்து பட்டியலிடுங்கள், 40 தேறும் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி 10 கடை எடுங்கள். பிடித்த கடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அதற்குத்தான் சீட்டு. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, காலை 7 முதல் 8, மாலை 6 முதல் 7, ஒவ்வொரு கடையிலும் இருவர் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதுங்கள். பிறகு கடைக்காரரிடம் ஒரே கேள்வி: போனில் வரும் காசை எடுத்துப் பால்காரருக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்? நீங்கள் எதிர்பார்க்காதது அந்தப் பதிலில்தான் வரும்.

எண்ணிக்கை எவ்வளவு வேண்டும் என்றும் கேட்கிறார்கள். குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்டால், ஆம் இல்லை என்ற கேள்விக்கு விடையில் சுமார் 10 சதவீதம் அங்கே இங்கே இருக்கும். அதை 5 சதவீதமாகப் பாதியாக்க 200 பேர் போதாது, 400 பேர் வேண்டும். இது தெரிந்தால் '52 சதவீதத்தினர் விரும்புகின்றனர்' என்று 100 பேரை வைத்து எழுத மனம் வராது.

வரலாறு, தமிழ் மாணவர்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு ஒன்றை எடுக்கலாம். அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் உள்ள வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரின் முன் நில்லுங்கள். இன்னும் இருக்கிறதா, எந்த வரி சுண்ணாம்பில் மறைந்தது, எந்த எழுத்து அச்சில் வேறாக இருக்கிறது? 30 வரிக் கல்வெட்டு ஒன்றே ஒரு ப்ராஜெக்டுக்குப் போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. கல்வெட்டில் வரும் நில அளவு, வரிப் பெயர்களுக்கு அதைப் பக்கத்தில் வையுங்கள்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி: மூன்று ஆண்டில் 'எனக்கே தெரியாத ஒன்றை நானே கண்டுபிடிக்கிறேன்' என்று இருப்பது அந்த ஒரு செமஸ்டர்தான். அதை விற்றுவிடாதீர்கள்.

லைப்ரரியில் புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. எப்படிப் படிப்பது?

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.இரங்கநாதன் வகுத்த முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். நூறாண்டு கழித்தும் பீரோ பூட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதி, துறை ஆசிரியர் கையெழுத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் திறப்பார்கள். தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம்தான் பல நூலகர்களைப் பூட்ட வைக்கிறது.

கல்லூரிக்கு வெளியே சென்னையில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லோருக்கும் திறந்தவை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசம். கல்லூரிகளுக்கு மின்னூல், ஆய்விதழ் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று நூலகரிடம் கேட்டு உங்கள் பெயருக்கு லாகின் வாங்குங்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தால் இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வரும். சுருக்கம், படங்கள், முடிவுரை, இந்த மூன்றை முதலில் பாருங்கள். அடுத்து 'எப்படிச் செய்தார்கள்' என்ற பகுதி. அங்கேதான் கட்டுரையின் பலமும் பலவீனமும் இருக்கும். கணக்குகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

கேள்வி கேட்கப் பயமாக இருக்கிறது. ஆங்கிலமும் சரியாக வராது.

ஆங்கிலம் வராதது அறிவுக் குறைவு ஆகாது. அதே பாடத்தின் பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் எழுதி வாருங்கள்; நாளைக்கு ஐந்து சொல் என்றால் ஒரு செமஸ்டரில் 450. ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது, உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் வந்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றை ஒவ்வொரு கட்டத்திலும் கையோடு வாங்கி வையுங்கள், பத்தாண்டு கழித்து அலைவது கொடுமை.

கேள்விக்கு ஒரு சின்ன வழி. வகுப்பில் எழுந்து கேட்க முடியாவிட்டால் வகுப்பு முடிந்ததும் கேளுங்கள். 'சார், புரியலை' என்று கேட்காமல், 'சார், இந்த மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், இங்கேருந்து அடுத்த வரி எப்படி வந்துச்சு?' என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். முதல் வகைக் கேள்விக்கு ஆசிரியர் பாடத்தைத் திரும்பச் சொல்வார். இரண்டாவது வகைக்குத்தான் உட்கார்ந்து யோசிப்பார்.

அசைன்மென்டை ஏ.ஐ. எழுதித் தருகிறதே. இனி எதற்குச் சிரமப்பட வேண்டும்?

அசைன்மென்டின் பலன் தாளில் இல்லை, எழுதும்போது மண்டைக்குள் நடப்பதில் இருக்கிறது. ஜிம்மில் உங்களுக்குப் பதில் வேறொருவர் எடை தூக்கினால் தசை யாருக்கு வளரும்? அதோடு, இந்தச் செயலிகள் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் வரை புனைந்து கொடுப்பதுண்டு. அவை அச்சு அசலாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது.

பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை, முறையை மாற்றுங்கள். ஒரு பக்கம் நீங்களே எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் சரி. பிறகு 'இதை மறுத்துப் பேசு' என்று அதனிடம் கேளுங்கள். அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் நூலகத்திலோ ஆய்விதழ்த் தளத்திலோ தேடிப் பாருங்கள், கிடைக்காததை நீக்குங்கள். மறுப்புக்கு உங்கள் பதிலை எழுதுங்கள். கல்லூரி விதி அனுமதித்தால் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள், அனுமதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு தாளில் தேறாமல் அரியர் விழுந்துவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லை. விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், முடிவு வந்த சில நாட்களுக்குள் கெடு முடிந்துவிடும். நகலில் மூன்றைப் பாருங்கள்: கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா, எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது? முதல் இரண்டுக்கும் மறுமதிப்பீடு உதவும். மூன்றாவதுக்கு உதவாது, அந்த யூனிட்டைத் திரும்பப் படிக்க வேண்டும். 75க்கு 28 எடுத்து இரண்டு மதிப்பெண்ணில் போனவர்கள் பெரும்பாலும் ஒரு முழு யூனிட்டை 'சாய்ஸில் விட்டுக்கலாம்' என்று விட்டவர்கள்.

நான் முதல்வன், என்.பி.டி.இ.எல். படிப்புகளே போதாதா?

நான் முதல்வன் மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டம், என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் படிப்பு. இரண்டும் நல்ல துணைகள். என்.பி.டி.இ.எல். படிப்பைக் கேட்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று கணக்கு. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். பலரும் கவிழ்வது நான்காவது வாரத்தில், அசைன்மென்ட் கெடு தவறி. ஒரே படிப்பை வகுப்பு நண்பர்கள் மூவர் சேர்ந்து எடுத்தால் முடிக்க முடிகிறது. கண்டது சரியா என்று எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்; திரை அதைத் தராது, அந்த மூவர் தருவார்கள்.

பெற்றோர் கேட்பது: எந்தக் கல்லூரி நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை நாளில் காலை 11 மணிக்குப் போங்கள், பெற்றோருக்கென்று கல்லூரியைச் சுற்றிக்காட்டும் நாளில் வேண்டாம். லைப்ரரியில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? இரண்டு மூன்று பேர் என்றால் நல்லது; எட்டுப் பேர் என்றால் ஏழு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பொருள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: தம்பி, உன் ப்ராஜெக்ட் என்ன? போன வருஷம் உங்களுக்குப் பாடம் எடுத்தவங்க இந்த வருஷமும் இருக்காங்களா? முதல் கேள்விக்கு முகம் மலர்ந்து பேசினால் அந்தத் துறையில் ஏதோ நடக்கிறது. இரண்டாவதுக்கு 'பாதிப் பேர் போயிட்டாங்க' என்றால் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று ஊகிக்கலாம்.

பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் '500 ஆஃபர்' என்றிருந்தால் எத்தனை மாணவர்களுக்கு என்று கேளுங்கள். ஒருவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று என்று எண்ணுவதுண்டு. கடைசி ஆண்டில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர், இந்த இரண்டு எண்ணும் எழுத்தில் வேண்டும்.

வீட்டில் முதல் பட்டதாரி. பணத்துக்கு வழி?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். ஆதார் இணைப்பு இல்லாத கணக்கால்தான் பலருக்கும் பணம் நின்றுபோகிறது, அதை முதலில் சரிபாருங்கள். கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு; தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் சேர்க்கைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஐந்து செமஸ்டர் போய்விட்டது. இப்போதுதான் இதையெல்லாம் படிக்கிறேன். இனி என்ன செய்ய?

ஒரு செமஸ்டர் என்றால் 15 வாரம். முதல் வாரம் ப்ராஜெக்ட் தலைப்பை மேலே சொன்னபடி சுருக்குங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்ட தலைப்பானாலும் கைடிடம் போய், 'மேடம், தலைப்பு அப்படியே இருக்கட்டும், இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிறேன்' என்றால் பெரும்பாலும் விடுவார்கள். இரண்டாம் வாரம் தொடர்பான மூன்று கட்டுரைகள். மூன்றிலிருந்து எட்டு வரை களம் அல்லது லேப். ஒன்பதில் முதல் வரைவு. பத்தில் அதை உங்கள் துறையைச் சேராத ஒரு நண்பரிடம் கொடுத்து, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மீதி ஐந்து வாரம் அந்தக் கோடுகளுக்கும் பைண்டிங்குக்கும். பைண்டிங் கடையில் கடைசி வாரம் கூட்டம் நெரியும், பதினான்காம் வாரமே கொடுத்துவிடுங்கள்.